காதுக்கு எட்டாத கோடு

“உசுரோட இருக்காளான்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க எனக்கு.”

இப்படிச் சொல்லிவிட்டு இளவழகன் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டபோது, மெர்லினுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாவு வீட்டில் கூட ஜோக் அடித்துத் திட்டு வாங்கியவள் அவள். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

சேலம் அம்மாபேட்டையில் கீழே தறிக்கூடம், மேலே துப்பறியும் அலுவலகம். துப்பறிகிறவர் தமிழரசு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு லாரி விபத்து சர்வேயராக இருபது வருஷம் ஒரு டிரைவரின் பொய்யையும் இன்னொரு டிரைவரின் பொய்யையும் பிரித்துப் பார்த்துப் பழகிய மனிதர், அதையே தொழிலாக்கிக்கொண்டார். மெர்லின் அவருக்கு உதவியாளர். அதற்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் வேலை பார்த்தவள். இந்தக் கேஸ் அவளுக்காகவே வந்தது போல இருந்தது.

இளவழகன் திருச்செங்கோட்டுக்காரர், போர்வெல் ரிக் வண்டி ஓட்டுகிறவர். அவர் மனைவி சுகன்யா கோயில் திருவிழாக்களில் பக்திப் பாட்டுப் பாடிப் பெயர் வாங்கியவள். பதினாலு மாசத்துக்கு முன்னால் ஒரு காலையில் வீட்டை விட்டுப் போனவள் திரும்பவில்லை. ஆனால் ‘தேன்குரல்’ என்ற இணையதளத்தில் அவள் பாட்டுகள் ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டிருந்தன. இதுவரை ஐந்து. எல்லாமே புதுப் பதிவு, எல்லாமே ஹை-ரெசல்யூஷன் தரம், காசு கட்டி இறக்கிக்கொள்ளலாம் என்று விளம்பரம்.

“அஞ்சாவது பாட்டை மட்டும் பாருங்க, போதும்” என்றார் இளவழகன். “அது புதுசாப் பாடுனதுதானா, எங்க வச்சுப் பாடுனா, அவ்வளவுதானுங்க.”

“ஏன் அஞ்சாவது மட்டும்?” என்று கேட்டார் தமிழரசு.

“அதுதானுங்க போன வாரம் வந்துச்சு.”

அவர் படி இறங்கிப் போகிற வரைக்கும் தமிழரசு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அஞ்சையும் பாரு” என்றார்.

மெர்லின் மடிக்கணினியைத் திறந்தாள். முதல் பாட்டை ஓடவிட்டதும் திரையில் ஒலியின் படம் விரிந்தது. அடியில் கனத்த ஓசைகள், மேலே போகப்போக மெல்லிய ஓசைகள். பதினாறாயிரம் ஹெர்ட்ஸ் என்ற அளவு வந்ததும் கத்தரிக்கோலால் நறுக்கியது போலப் படம் நின்றுவிட்டது. அதற்கு மேலே வெறும் கருப்பு.

“என்ன இது?” என்றார் தமிழரசு.

“ஏமாத்து வேலை சார். பாஸ்போர்ட் போட்டோவை ஃப்ளெக்ஸ் பேனர் அளவுக்கு இழுத்து ஒட்டினா என்ன ஆகும்? பேனர் பெருசா இருக்கும், மூஞ்சி அதே கலங்கின மூஞ்சிதான். இதுவும் அப்படித்தான். செல்போன்ல சுத்தற பழைய அமுக்கின பாட்டை எடுத்து, ஊதிப் பெருக்கி, ஹை-ரெசல்யூஷன்னு பேரு வச்சிருக்காங்க. நிஜமான ஹை-ரெசல்யூஷனா இருந்தா இந்தக் கருப்புல ஏதாவது தெரியும். மனுஷக் காது இருபதாயிரத்தோட நின்னுரும், நல்ல மைக் அதுக்கு மேலயும் பிடிக்கும்.”

“என் காது?”

“உங்க வயசுக்கு பன்னெண்டாயிரமே தாராளம் சார்.”

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. மூன்றும் அதே பதினாறாயிரத்தில் அறுந்து தொங்கின. அப்படியானால் பதினாலு மாசமாக யாரோ பழைய பாட்டுகளை வைத்து, அந்தப் பெண் உயிரோடு இருப்பதாக ஊரை நம்ப வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எதற்காக? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஐந்தாவது பாட்டைத் திறந்தாள்.

படம் பதினாறைத் தாண்டியது. இருபதைத் தாண்டியது. சுகன்யா ‘ச’ என்று உச்சரிக்கிற இடத்திலெல்லாம் நீலப் புகை போல முப்பதாயிரம் வரைக்கும் எழும்பியது.

“சார்! இது நிஜம். புத்தம் புது ரெக்கார்டிங். ஆள் உயிரோட இருக்காங்க!”

“அந்தக் கோடு என்ன?”

மெர்லின் அப்போதுதான் பார்த்தாள். இருபத்தைந்தாயிரத்துக்கு மேலே ஒரு மெல்லிய கோடு. நாலு விநாடிக்கு ஒரு தரம் ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி, பாட்டு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. பாடியவளுக்கும் கேட்டிருக்காது, பதிவு செய்தவனுக்கும் கேட்டிருக்காது.

“மெஷின் சத்தம் சார். ஆனா மனுஷனுக்குக் கேக்காது.”

“கேக்காத சத்தத்தைக் காசு குடுத்து யார் வாங்குவா? எலிக்குப் பயந்தவன். எலி விரட்டற மெஷின் இப்படித்தான் கத்தும்னு படிச்சிருக்கேன். நம்ம பக்கத்துல எலிக்கு ரொம்பப் பயப்படறது யாரு?”

“எங்க மாமியார்.”

“அவங்களைத் தவிர.”

மெர்லின் பாட்டை மறுபடி ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். குரல் சுவரில் பட்டுத் திரும்பவே இல்லை. ஸ்டுடியோ கட்ட வசதியில்லாதவர்கள் அறைச் சுவரில் முட்டை அட்டையை ஒட்டுவார்கள். அவள் வேலை பார்த்த இடத்திலும் அதே கதைதான். முட்டை அட்டை மலிவாகக் கிடைக்கிற இடம் எது? எலிக்கு மூட்டை மூட்டையாகத் தீனி கிடக்கிற இடம் எது? அவளும் தமிழரசும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

“கோழிப்பண்ணை!”

*

மறுநாள் காலை பதினொரு கடைகளுக்குப் போன் அடித்த பிறகுதான் பச்சமுத்து அகப்பட்டார். நாமக்கல்லில் பரமத்தி ரோட்டில் கோழிப்பண்ணைச் சாமான் கடை வைத்திருப்பவர். இருவரும் நேரில் போனபோது தீவனத் தட்டு, தண்ணீர்க் குழாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

“எலி மெசினா? இந்தப் பக்கம் அதை எறக்குனது நான் ஒருத்தன்தானுங்க. இனிமே அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன்.”

“ஏனுங்க?” என்றாள் மெர்லின்.

“மூணு வித்தேன், ரெண்டு திரும்பி வந்துருச்சு. மெசினு மேலயே எலி குட்டி போட்டிருக்குன்னு போட்டோ எடுத்துக்கிட்டு சண்டைக்கு வந்துட்டாங்க சாமி.”

திரும்பி வந்ததில் ஒன்றை மாட்டிக் காட்டச் சொன்னாள். ஒரு சத்தமும் இல்லை. மைக்கை நீட்டினாள். மடிக்கணினித் திரையில் அதே கோடு, நாலு விநாடிக்கு ஒரு தரம், ஏறி, இறங்கி.

“மூணாவது யாருகிட்ட இருக்கு?” என்றார் தமிழரசு.

“பரமத்தி வேலூர் போற வழியில ராசாத்தியக்கா பண்ணைங்க. தீவனக் குடோன்ல மாட்டியிருக்காங்க. அவங்களுக்கு மட்டும் நல்லா வேலை செய்யுதாமா. அந்த ஊட்டு எலிக்கு மட்டும் என்ன மரியாதையோ!”

கார் பெட்ரோல் பங்கில் நின்றபோது மெர்லினின் போன் அடித்தது. இளவழகன். காலையிலிருந்து ஒன்பதாவது தடவை. “எதுவும் சொல்லாதே” என்று தமிழரசு கையைக் காட்டிவிட்டு டீசல் போட இறங்கினார். போனில் அந்த மனிதர் விம்மினார். “ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா. ராத்திரியெல்லாம் தூங்கலை. எந்தப் பக்கம் போறீங்கன்னாவது சொல்லு.” மெர்லின் கல்நெஞ்சக்காரியா என்ன? “நல்ல சேதிதாங்கண்ணா. வேலூர் ரோட்ல ராசாத்தின்னு ஒருத்தங்க கோழிப்பண்ணை. போயிட்டுக் கூப்பிடறேன்” என்று சொல்லிவிட்டாள்.

தமிழரசிடம் இதைச் சொல்லவில்லை. திட்டு விழும் என்று தெரியும்.

போகிற வழியெல்லாம் அவள் மனதில் ஒரே படம் ஓடியது. கோழிக் கழிவு நாறும் குடோன், இருட்டு அறை, பூட்டிய கதவு, கழுத்தில் கத்தி வைத்துப் பாடச் சொல்லும் ஒருவன். வாழைத்தோட்டமும் கரும்பும் இரண்டு பக்கமும் பச்சையாக ஓடின. அவளுக்கு எதையும் ரசிக்கத் தோன்றவில்லை.

பண்ணை வாசலில் இரும்புக் கேட். அதற்கு உள்ளே, வண்டிச் சக்கரம் நனைவதற்கு மருந்துத் தண்ணீர்த் தொட்டி. ‘வெளியாட்களுக்கு அனுமதி இல்லை’ என்று பலகை. நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண்மணி புடவை முழுக்கத் தீவனத் தூசியோடு வந்து நின்றார். ராசாத்தி.

“எலி மெஷின் செக் பண்ண வந்தோமுங்க. பச்சமுத்து அண்ணன் கடையில சொன்னாங்க” என்றார் தமிழரசு, முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழாமல்.

ராசாத்தி இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். “காலை மருந்துத் தண்ணியில நனைச்சுட்டு வாங்க. கோழிச் செட்டுப் பக்கம் போகக் கூடாது. குடோனைப் பாத்துட்டு நேராத் திரும்பீரோணும்.”

ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே நேரத்தில் கொக்கரித்துக்கொண்டிருந்தன. குடோனுக்குள் மக்காச்சோள மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. கம்பத்தில் அந்த மெஷின். அதற்குப் பின்னால், கடைசியில், தனியாக ஓர் அறை. ஜன்னல் முழுக்க முட்டை அட்டை ஒட்டி அடைத்திருந்தது.

“சார், அதுதான்” என்று முணுமுணுத்தாள் மெர்லின். “உடைச்சுரலாமா?”

தமிழரசு நகரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறியது.

“மெர்லின், பூட்டு எங்கே?”

“இல்லையே சார்.”

“அடைச்சு வச்சவன் வெளியே பூட்டுவான். இந்தக் கதவுல வெளியே ஒரு கொண்டி கூட இல்லை. தாழ்ப்பாள் உள்ளேதான் இருக்கணும்.” அவர் குரல் தாழ்ந்தது. “நேத்து அந்த மனுஷன் என்ன கேட்டார்? உயிரோட இருக்காளா, எங்க இருக்கா. நல்லா இருக்காளான்னு ஒரு தடவை கூடக் கேக்கலை.”

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. ஐந்து பாட்டிலும் கேட்ட அதே குரல்.

“ராசாத்தி, யாரது?”

பின்னால் நின்ற ராசாத்தியின் கையில் தீவனம் அள்ளுகிற சவல் உயர்ந்திருந்தது. “நீங்க மெசின் பாக்க வந்தவங்க இல்லை. யாரு அனுப்புனது?”

“இளவழகன்” என்றார் தமிழரசு. பொய் சொல்லிப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே ஏதோ விழுந்து உருண்டது. “அவர் எங்க கூட வரலைங்க. அவர் சொன்னது எங்களுக்கே சந்தேகமா இருக்கு” என்றார் தமிழரசு கதவைப் பார்த்து. பிறகு தாழ்ப்பாள் விலகியது. சுகன்யா மெலிந்துபோயிருந்தாள். கழுத்தின் இரண்டு பக்கமும் கருத்த தழும்பு. விரல் நகம் கிழித்த தழும்பு என்பதை மெர்லினுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“மேடையில பாடக் கூடாதுன்னாருங்க. பாடினேன். அன்னைக்கு ராத்திரி என்ற கழுத்தைப் பிடிச்சவரு, செத்துட்டேன்னு நெனச்சுத்தான் விட்டாரு. மூணு மாசம் எனக்குக் குரலே வரலை. ராசாத்தி என்ற பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. இங்க கொண்டுவந்து வச்சுக்கிட்டா.”

“அந்தப் பாட்டுங்க?” என்றாள் மெர்லின்.

“எனக்கு நாலு காசு வரட்டும்னு தெரிஞ்ச ஒருத்தர் பழைய பாட்டையெல்லாம் ஏத்துனாரு. அதைப் பெருசாக்கி விக்கிறாருன்னு எனக்குத் தெரியாதுங்க. போன மாசம் ஒரு ஆளு நாலு பாட்டுக்குக் கீழயும் ஒரே மாதிரி எழுதியிருந்தாரு. ‘இது ஊதிப் பெருக்கின போலி. செத்தவ பாட்டை வித்துப் பொழைக்கிறீங்க. அவ இருந்தா ஒரு பாட்டு நெசமாப் பாடச் சொல்லுங்க’ன்னு.” அவள் கண் சிவந்தது. “என்ற பாட்டைப் போலிங்கறதா? பொறுக்க முடியலைங்க. நல்ல மைக் வரவழைச்சு, இந்த ரூம்ல நின்னு பாடி அனுப்பினேன்.”

நேற்று இளவழகன் சொன்னது மெர்லினுக்கு நினைவுக்கு வந்தது. அஞ்சாவதை மட்டும் பாருங்க, போதும். முதல் நாலும் போலி என்பது அந்த மனிதனுக்கு முன்பே தெரியும். எழுதியவனே அவன்தான். சுகன்யாவின் ரோஷத்தைக் கிளறி, ஒரே ஒரு பாட்டை நிஜமாகப் பாட வைத்து, அந்தப் பாட்டிலிருந்து அவள் இருக்கிற இடத்தைப் பிடிக்க ஆள் தேடியிருக்கிறான். பிடித்துக் கொடுத்தது யார்? தானேதான். நாயே, நாயே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

“சார், நான் அவன்கிட்டச் சொல்லிட்டேன். பண்ணை பேரு கூடச் சொல்லிட்டேன்.”

தமிழரசு திட்டவில்லை. கேட் எவ்வளவு தூரம் என்று திரும்பிப் பார்த்தார்.

வெளியே ஹாரன் அடித்தது. நீளமாக, விடாமல். கோழிகள் அத்தனையும் மிரண்டு இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டன.

“ராசாத்தியம்மா, போலீசுக்குப் போன் போடுங்க. சுகன்யா, தாழ் போட்டுக்கங்க, யார் கூப்பிட்டாலும் திறக்காதீங்க. மெர்லின், அந்த நாலாவது பாட்டோட படத்தை எடு. மேலே ‘ஐந்து’ன்னு பேர் மாத்து.”

“பொய் ரிப்போர்ட்டா சார்?”

“இத்தனை வருஷத்துல முதல் பொய் ரிப்போர்ட். சீக்கிரம்.”

கேட்டுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு இளவழகன் நின்றிருந்தார். பக்கத்தில் ரிக் வண்டி ஆட்கள் இரண்டு பேர், ஒருவன் கையில் இரும்புக் குழாய். முகத்தில் நேற்றைய சோகத்தின் சாயல் கூட இல்லை.

“எங்கீங்க அவ?”

தமிழரசு கேட்டின் கம்பி வழியாக மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். “பாருங்க. அஞ்சாவது பாட்டும் மத்த நாலு மாதிரியேதான். பதினாறாயிரத்தோட அறுந்து நிக்குது. பழைய பாட்டை ஊதிப் பெருக்கினது. நிஜம் இல்லை.”

இளவழகன் திரையையே வெறித்தார். முதல் நாலு பாட்டின் இதே மாதிரிப் படத்தை அவருக்கு யாரோ முன்பே காட்டியிருக்க வேண்டும். அந்த வெட்டை அடையாளம் தெரிந்ததால்தான் நம்பினார். நானூறு அடி போட்டும் தண்ணீர் வராத குழியைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. துக்கம் மருந்துக்குக் கூட இல்லை.

“அப்புறம் இந்தப் பண்ணைக்கு எதுக்கு வந்தீங்க?”

“முட்டை வாங்கத்தானுங்கண்ணா” என்றாள் மெர்லின். “உங்க கேஸ்ல ஒண்ணும் தேறலை, ஆம்லெட்டாவது தேறட்டும்னு.”

அவர் சிரிக்கவில்லை. பண்ணையை ஒருதரம் நோட்டம் விட்டார். பிறகு ஆட்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மூவரும் காரைப் பார்த்து நடந்தார்கள். இரண்டடி, மூன்றடி. மெர்லின் மாதாவை வேண்டிக்கொண்டாள்.

“அந்தப் பாட்டு பொய்யில்லைங்க.”

மெர்லின் திரும்பிப் பார்த்தாள். குடோன் வாசலில் வெயிலில் கண் கூசியபடி சுகன்யா நின்றிருந்தாள்.

“அய்யோ, உள்ளே போங்க!” என்று கத்தினாள் மெர்லின்.

சுகன்யா நடந்து வந்தாள். அவள் பார்த்தது புருஷனை அல்ல, தமிழரசை. “நான் செத்துட்டேன்னு நீங்க சொல்லியிருந்தா உள்ளயே கெடந்திருப்பேனுங்க. பாட்டைப் போலின்னு எப்படிங்க சொன்னீங்க? மூணு மாசம் பேச்சே இல்லாம கெடந்து, ஒவ்வொரு எழுத்தா மறுபடி பாடிப் பழகுனது அது.”

தமிழரசு மடிக்கணினியை மெர்லின் கையில் கொடுத்தார்.

இளவழகன் திரும்பி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டார். “சுகன்யா! வா சாமி, ஊட்டுக்குப் போலாம்” என்றார். குரல் வெண்ணெயாக உருகியது.

போலீசுக்குப் போன் போட்டுவிட்டு வந்த ராசாத்தி கேட்டின் சங்கிலியை இழுத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். செட்டிலிருந்து வேலைக்காரப் பெண்கள் ஆறேழு பேர், ஆளுக்கொரு சவலோடு வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

“மெர்லின், உங்ககிட்ட மைக் இருக்குதுங்களா?” என்றாள் சுகன்யா.

மெர்லின் மைக்கை மடிக்கணினியில் மாட்டினாள். பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

“வாயைத் தொறந்தீன்னா, அன்னைக்கு விட்ட மாதிரி விட மாட்டேன்டி!” என்று கேட்டை உலுக்கினார் இளவழகன். சொல்லி முடித்த பிறகுதான் திரையில் ஓடிக்கொண்டிருந்த படத்தைப் பார்த்தார். அந்த வார்த்தையும் அதில் பதிந்து போய்க்கொண்டிருந்தது. இரும்புக் குழாய் வைத்திருந்தவன் மெதுவாக அதைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாங்கினான்.

“அன்னைக்கு போலீஸ் ஸ்டேசன்ல சொல்றதுக்கு எனக்குக் குரல் இல்லை” என்றாள் சுகன்யா. மைக்கை வாய்க்கு நேராக வைத்துக்கொண்டாள்.

“என்ற பேரு சுகன்யா. இவரு என்ற புருசன் இளவழகன். இவரு எனக்குச் செஞ்சதை இவரு முன்னாலயே சொல்றேன். இன்னைக்குத் தேதி...”

நிறுத்தினாள். மெர்லினைப் பார்த்தாள்.

“இன்னைக்கு என்ன தேதிங்க?”

மெர்லின் சொன்னாள். கிழமையையும் சேர்த்துச் சொன்னாள். சுகன்யா அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து பேச ஆரம்பித்தாள்.